மீனவப் பெண்ணின் பெயரில் ஒரு பூங்கா: சிட்னியின் பாரங்கரூ சொல்வதும் சொல்லாமல் விட்டதும்

சிட்னி மாநகரின் மையப்பகுதி துறைமுக நீரைத் தொடும் வடமேற்கு ஓரத்தில் ஆறு ஹெக்டேர் பரப்பில் ஒரு நிலமுனை இருக்கிறது. மணற்கல் பாளங்கள் அடுக்கடுக்காக நீருக்குள் இறங்குகின்றன. அவற்றின் இடுக்குகளில் ஓதம் ஏறி வடிகிறது. மேலே சரிவு முழுக்க உள்ளூர் மரங்களும் புதர்களும். நகரம் எப்படியோ அழிக்காமல் விட்டுவைத்த பழைய கரை இது என்றே முதலில் பார்ப்பவர் எண்ணுவார். ஆனால் இது 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பூங்கா. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அங்கே இருந்தது, கப்பல்களிலிருந்து கொள்கலன்களை இறக்கும் தட்டையான கான்கிரீட் தளம்.

பாரங்கரூ ரிசர்வ் என்ற இந்தப் பூங்கா, தொல்குடி மரபையும் உள்ளூர் இயற்கையையும் ஒரு பெருநகரின் நடுவே மீட்டெடுக்கும் முயற்சிகளில் உலகம் கவனித்த ஒன்று. கட்டுமானத் திறனாக அது வியப்புக்குரியது. ஆனால் ஒரு மரபு பாறையிலும் மரத்திலும் மட்டும் வாழ்வதில்லை. அந்த நிலத்தில் யார் என்ன செய்து வாழ்ந்தார்கள், அதே செயலை அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று அங்கே செய்ய முடிகிறதா, அந்த நிலத்தைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்குக் குரல் உண்டா என்ற கேள்விகளை வைத்தே இத்தகைய பூங்காக்களை அளக்க வேண்டும். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பாரங்கரூ பாதி வழி வந்திருக்கிறது. வந்த பாதியும் வராத பாதியும் இனிப் பூங்கா அமைக்கப்போகும் எந்த நகரத்துக்கும் பாடமாகும்.

பெயருக்கு உரியவர்

பாரங்கரூ ஒரு பெண். சிட்னித் துறைமுகத்தின் வடகரையில் வாழ்ந்த கேமரைகல் குலத்தைச் சேர்ந்தவர். 1788 ஜனவரியில் பிரிட்டிஷ் கைதிகளையும் படைவீரர்களையும் ஏற்றிவந்த கப்பல்கள் இந்தத் துறைமுகத்தில் நங்கூரமிட்டன. அடுத்த ஆண்டே பெரியம்மை பரவியது. பாரங்கரூவின் முதல் கணவர் அதில் இறந்தார். இரண்டு குழந்தைகளையும் பாரங்கரூ இழந்திருந்தார். இன்று பூங்கா இருக்கும் தென்கரை, கடிகல் குலத்தாரின் நிலம். அந்தக் குலத்தில் நோய்க்குப் பிறகு மூன்றே பேர் எஞ்சியதாகக் குடியேற்றத்தின் அதிகாரிகளில் ஒருவரான டேவிட் காலின்ஸ் எழுதிவைத்தார்.

பின்னர் பாரங்கரூ, ஆளுநர் ஆர்தர் ஃபிலிப்போடு நெருங்கிப் பழகிய பென்னலாங்கின் மனைவியானார். கணவர் ஐரோப்பிய ஆடைகளை விரும்பி அணிந்தார். பாரங்கரூவோ ஆளுநரின் விருந்து மேசைக்குக்கூடத் தம் மக்களின் வழக்கப்படியே வந்தார், அந்த ஆடைகளைத் தொடவில்லை. தொல்குடியினரின் மீன்பிடிக் கருவிகளைத் திருடிய ஒரு கைதிக்கு அவர்கள் முன்னிலையில் கசையடி கொடுத்தபோது, நீதி வழங்கப்படுவதைக் காண அழைக்கப்பட்டிருந்த பாரங்கரூ கொதித்தெழுந்தார். கோலை எடுத்துக்கொண்டு, அடித்தவனையே தாக்கப் பாய்ந்தார். இதைக் குறிப்பிட்டவர் படை அதிகாரி வாட்கின் டென்ச்.

துறைமுகத்தின் தொல்குடிச் சமூகங்களில் தூண்டில் மீன்பிடிப்பு பெண்களின் தொழில். ஆண்கள் பாறைமேல் நின்று ஈட்டியால் குத்திப் பிடிப்பார்கள். பெண்கள் மரப்பட்டையால் ஆன சிறு ஓடங்களில் ஆழ நீருக்குப் போவார்கள். ஓடத்தின் நடுவே களிமண் திட்டில் நெருப்பு எரியும், மடியில் குழந்தை இருக்கும். சங்கு வகை ஓட்டைத் தேய்த்து வளைத்த தூண்டில் முள்ளையும், மரநாரைத் திரித்த நூலையும் அவர்களே செய்துகொண்டார்கள். குடும்பத்தின் உணவில் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்து வந்தது. அவர்களுடைய மதிப்பும் அங்கிருந்தே வந்தது.

1790இல் குடியேறிகள் இரண்டே வலைவீச்சில் ஏறத்தாழ 4,000 மீன்களை அள்ளினார்கள். அதில் நாற்பதைப் பென்னலாங்கின் கூட்டத்தாருக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். நட்பின் அடையாளமாகக் கருதப்பட்ட இந்தச் செயல் மீனவப் பெண்களுக்கு எப்படிப்பட்டிருக்கும் என்று வரலாற்றாசிரியர் கிரேஸ் கார்ஸ்கன்ஸ் கேட்கிறார். தேவைக்கு மேல் அள்ளுவதும், பிடித்த மீனைப் பெண்களின் கையைக் கடந்து ஆண்களுக்குக் கொடுப்பதும் அந்தப் பெண்களின் இடத்தையே பறிக்கும் செயல்கள் என்பது அவரது வாதம். பாரங்கரூவின் கோபத்தை அவர் இந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறார்.

1791இல் ஒரு பெண் குழந்தையைப் பெற்ற சில காலத்தில் பாரங்கரூ இறந்தார். தூண்டில் கருவிகளை அருகில் வைத்து அவரது உடலை எரித்தார்கள். அவரது சாம்பலை ஆளுநரின் தோட்டத்தில் பென்னலாங் சேர்த்தார். பூங்காவுக்கு வைக்கப்பட்ட பெயரின் பின்னே இருப்பது இந்த வாழ்க்கை. நீரில் தொழில் செய்தவர், தம் உரிமையை விட்டுக்கொடுக்காதவர் என்ற இரண்டையும் அந்தப் பெயர் சுமக்கிறது.

கரையைக் கட்டிய கதை

குடியேற்றத்துக்குப் பின் இந்தக் கரை துறைமுகத் தொழிலுக்குப் போனது. பாறைமுனை வெட்டித் தட்டையாக்கப்பட்டது. தொல்குடியினர் பல தலைமுறைகளாக உண்டு குவித்த சிப்பி மேடுகளைச் சிட்னிக் குடியேறிகள் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். நகரின் முதல் கட்டடங்களின் சாந்தில் அந்த உணவு மிச்சங்கள் கலந்திருக்கின்றன. 1930களின் பெருமந்தக் காலத்தில் அன்றாடக் கூலிக்காகத் தொழிலாளர்கள் ஒரு கப்பல்துறையிலிருந்து அடுத்ததற்கு அலைந்த ஹிக்சன் சாலைக்குப் 'பசி மைல்' என்று பெயர் வந்தது. பிறகு கொள்கலன் கப்பல்களுக்காகக் கடலைத் தூர்த்துக் கான்கிரீட் தளம் அமைத்தார்கள். அந்தத் தொழிலும் பாட்டனி விரிகுடாவுக்கு நகர்ந்தபோது 22 ஹெக்டேர் நிலம் காலியானது.

2006இல் சர்வதேச வடிவமைப்புப் போட்டியில் ஹில் தாலிஸ் நிறுவனத்தின் தலைமையிலான உள்ளூர்க் குழு வென்றது. தளத்தின் நேர்க்கோட்டு விளிம்பையும் துறைமுகத் தொழிலின் தடங்களையும் அவர்களின் திட்டம் பெரிதும் காத்தது. போட்டி நடுவர்களில் ஒருவரான முன்னாள் பிரதமர் பால் கீட்டிங் அதை ஏற்கவில்லை. தொழிற்சாலைக் கோட்டை அழித்து, இயற்கையான முனை திரும்ப வேண்டும் என்று அவர் விடாமல் வாதிட்டார். இறுதியில் அமெரிக்க நிலவடிவமைப்பாளர் பீட்டர் வாக்கரின் நிறுவனமும் சிட்னியின் ஜான்சன் பில்டன் வாக்கர் நிறுவனமும் முனையை வடிவமைத்தன. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவிடத்தின் நிலவடிவமைப்பில் பங்காற்றியவர் இந்த வாக்கர்.

கரைக்கோட்டுக்கு வழிகாட்டியாக அவர்கள் எடுத்துக்கொண்டது 1836ஆம் ஆண்டின் கரை. ஏறத்தாழ 10,000 மணற்கல் பாளங்களில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே தோண்டி எடுக்கப்பட்டவை. சிட்னி மணற்கல்லுக்கு இயல்பான பிளவுகளையும் படுகைகளையும் பின்பற்றி அவற்றை அடுக்கினார்கள். ஓத நீர் தங்கும் குழிகள் உண்டாயின. குன்றின் வயிற்றுக்குள் பெரிய நிகழ்ச்சிக் கூடமும் வாகன நிறுத்துமிடமும் ஒளிந்திருக்கின்றன.

மண்ணும் மரமும்

இந்தத் திட்டத்தில் பிற நகரங்கள் உடனடியாகக் கற்கக்கூடியது மண் வேலைதான். பூங்கா அமைப்பவர்கள் வழக்கமாக வெளியிலிருந்து வளமான மேல்மண்ணை வாங்கிக் கொட்டுவார்கள். சிட்னியின் மணற்கல் நிலத்தில் அது தவறு. இங்கே பரிணமித்த செடிகள் பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண்ணுக்குப் பழகியவை. பேங்க்சியா குடும்பத்துச் செடிகளுக்குச் சாதாரணத் தோட்ட உரமே நஞ்சாகும். ஆகவே மண்ணியலாளர் சைமன் லீக், தோண்டியெடுத்த மணற்கல்லின் பொடியையும் மட்கிய தாவரக் கழிவையும் சேர்த்து அந்த நிலத்தின் பழைய மண்ணுக்கு நெருக்கமான மண்ணை உருவாக்கினார். தாவரத் தேர்வைத் தோட்டக்கலை வல்லுநர் ஸ்டூவர்ட் பிட்டன்ட்ரி கவனித்தார். 75,000க்கும் மேற்பட்ட மரங்களும் செடிகளும் நடப்பட்டன. சிலவற்றைத் தவிர எல்லாமே ஐரோப்பியர் வருவதற்கு முன் சிட்னித் துறைமுகப் பகுதியில் வளர்ந்த இனங்கள்.

செம்பட்டை ஆங்கோஃபோரா, பேங்க்சியா, துறைமுக அத்தி, முட்டைக்கோஸ் பனை, பரவாங் என்ற சைகட் வகை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றோடும் ஓர் அறிவு பிணைந்திருக்கிறது. பரவாங் விதை அப்படியே தின்றால் நஞ்சு. நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து, நஞ்சைக் கழித்து, அரைத்துச் சுட்டால் உணவு. பேங்க்சியாப் பூவை நீரில் ஊறவைத்தால் இனிப்புப் பானம். நம் இலக்கணம் நிலத்தைச் சொல்லும்போது மரம், மீன், மக்கள், தொழில் எல்லாவற்றையும் ஒரே திணைக்குள் வைத்தது. நிலத்தை அப்படிப் பார்க்கப் பழகிய வாசகருக்கு, மரத்தை மட்டும் நட்டு அதன் பயனறிந்த மக்களை விட்டுவிட்டால் மீட்பு முழுமையாகாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எந்த ஆண்டின் இயற்கை?

இங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. 1836 என்பது குடியேற்றம் தொடங்கி 48 ஆண்டுகளுக்குப் பிந்தைய ஆண்டு. அந்தக் கரை நமக்குத் தெரிவதும் குடியேற்ற ஆட்சியின் நில அளவையால்தான். கடிகல் மக்களின் நினைவிலிருந்தோ, வழித்தோன்றல்களின் சொல்லிலிருந்தோ வரையப்பட்ட கோடு அது ஆகாது. பூங்காவின் மையக் கருத்தான 'இயற்கை முனை' ஒரு முன்னாள் பிரதமரின் உறுதியிலும் ஒரு வடிவமைப்பாளரின் திறனிலும் பிறந்தது. தொல்குடி மரபு பெயராகவும் விளக்கமாகவும் கலையாகவும் அதன்மேல் வந்து சேர்ந்தது.

இரண்டாவது சிக்கல், இயற்கை என்ற கருத்திலேயே இருக்கிறது. 2011இல் வெளியான தம் நூலில் வரலாற்றாசிரியர் பில் கேமேஜ் ஒரு வாதத்தை விரிவாக முன்வைத்தார்: ஐரோப்பியர் 'காடு' என்று கண்ட ஆஸ்திரேலிய நிலம், தொல்குடியினர் அளவறிந்து தீயிட்டுப் பராமரித்த நிலம். எங்கே புல்வெளி, எங்கே மரக்கூட்டம் என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். இதை ஏற்றால், மனிதக் கை படாத அடர்ந்த புதர்க்காட்டைப் போன்ற நடவு 1788க்கு முந்தைய நிலத்தைக் காட்டுவதாகாது. காட்டைப் பேணிய மக்களை நீக்கிவிட்டு எஞ்சிய காட்டையே அது காட்டுகிறது. மக்கள் இல்லாத தூய இயற்கை என்ற எண்ணம் தொல்குடியினரை அவர்களுடைய நிலங்களிலிருந்து வெளியேற்றவும் பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. மரபைக் கொண்டாட எழுப்பும் பூங்கா அந்த எண்ணத்தைத் தெரியாமலேகூடத் திரும்பச் சொல்லிவிடக் கூடாது.

தொழிலாளர்களின் வரலாறும் இதில் நசுங்கியது. பசி மைலின் நேர்விளிம்பு மண்ணுக்கடியில் போனதைச் சிட்னியின் கட்டடக் கலைஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. ஓர் இடத்தில் பல காலங்கள் அடுக்கடுக்காக வாழ்கின்றன. ஒரே ஒரு ஆண்டைத் தேர்ந்து மற்றவற்றை மூடுவது, மூடுபவரின் அதிகாரத்தையே காட்டும்.

பெயரும் கலையும் வழிகாட்டியும்

பூங்காவின் சிறு குடா நாவி என்று அழைக்கப்படுகிறது. மரப்பட்டை ஓடத்துக்கு உள்ளூர் மொழியில் அதுவே பெயர். நீரோரமாகச் செல்லும் வுலுகுல் நடைபாதை ஒரு மீனின் பெயரைத் தாங்குகிறது. இப்படிப்பட்ட சொற்கள் நமக்குக் கிடைத்ததிலும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குப் பங்குண்டு. பூங்காவுக்குச் சற்றே வடகிழக்கில், இன்று டாஸ் முனை எனப்படும் இடத்தில் வானாய்வு நிலையம் வைத்திருந்தார் படை அதிகாரி வில்லியம் டாஸ். 1790-91இல் படியகராங் என்ற இளம்பெண் அவருக்குத் தம் மொழியைக் கற்றுக்கொடுத்தார். சொல்லோடு சொல்லாக அவர்களின் உரையாடல்களும் பதிவான அந்தக் குறிப்பேடுகள் லண்டனில் இருக்கின்றன. இன்று மொழியை மீட்க உழைப்போருக்கு அவை முதன்மை ஆதாரம்.

கலையும் வந்தது. லா பெரூஸ் பகுதியின் பிட்ஜிகல் மூதாட்டி எஸ்மே டிம்பரி சிப்பிக் கைவேலையில் புகழ்பெற்றவர். அவரும் கலைஞர் ஜொனாதன் ஜோன்ஸும் இணைந்து உருவாக்கிய பெரும் சிப்பிச் சுவர், பாரங்கரூ குடியிருப்புக் கட்டடம் ஒன்றின்மேல் நிற்கிறது. அந்த வேலைப்பாடு டிம்பரிக்குத் தம் குடும்பத்துப் பெண்களிடமிருந்து தலைமுறை வழியாக வந்தது. ஆகவே நகரம் தன் சுவரில் ஏற்றிக்கொண்டது இன்றும் உயிரோடிருக்கும் ஒரு மரபை. பூங்காவின் தொல்குடி வழிகாட்டிகளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். பண்ட்ஜலங் இனத்தவரான கிளாரன்ஸ் ஸ்லாக்கி போன்றோர் செடியைக் காட்டி அதன் பயனைச் சொன்னபோது, நட்டுவைத்த மரங்கள் மறுபடியும் அறிவின் பகுதியாயின. ஒரு தகவல் பலகையால் ஆகாத வேலை இது.

ஆயினும் இவையெல்லாம் நினைவைப் பேணும் வேலைகள். நினைவு இன்றியமையாதது, ஆனால் அது உரிமைக்கு ஈடாகாது. பூங்காவை அடுத்த பகுதியில் அலுவலகக் கோபுரங்களும் சூதாட்ட விடுதியொன்றின் 271 மீட்டர் உயரக் கோபுரமும் எழுந்திருக்கின்றன. மீனவப் பெண்ணின் பெயர் அந்தப் பகுதிக்கும் விலாசமாகப் பயன்படுகிறது. பெயரை எடுத்துக்கொள்பவர்கள், அந்தப் பெயருக்கு உரியவர்களின் சமூகத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்வியையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

உண்ணக்கூடாத மீன்

அந்தக் கேள்வியின் கூர்மை நீரில் தெரிகிறது. சிட்னித் துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீனையோ இறாலையோ நண்டையோ உண்ண வேண்டாம் என்பது 2006 முதல் நியூ சவுத் வேல்ஸ் அரசின் அறிவுரை. துறைமுகம் முழுவதிலும் வணிக மீன்பிடிப்பு அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. காரணம் டயாக்சின். ஹோம்புஷ் விரிகுடாவின் கரையிலிருந்த இரசாயன ஆலையில் களைக்கொல்லி தயாரித்த காலத்தில் சேர்ந்த நஞ்சு, ஆற்றடி வண்டலில் தங்கி மீனின் உடலில் ஏறியது.

பாரங்கரூ பூங்கா பாலத்துக்கு மேற்கே இருக்கிறது.

மீன்பிடித்து மக்களைக் காத்த பெண்ணின் பெயரைத் தாங்கிய கரையில், பிடித்த மீனை உண்ணக்கூடாது. பூங்காவை அமைத்தவர்களின் குற்றம் அல்ல இது. நஞ்சு வந்த வழி வேறு, காலம் வேறு. ஆனால் மரபுப் பூங்கா என்ற கருத்தை நாம் எவ்வளவு குறுக்கிவிட்டோம் என்பதை இந்த முரண் காட்டுகிறது. கல்லை எங்கே வைப்பது என்று ஆராய்ந்த அதே அக்கறை வண்டலின் நஞ்சையும் தொடர வேண்டாமா? திட்டத்தின் எல்லைக்கோடு கரையோடு நின்றது. பாரங்கரூவின் வாழ்க்கையோ கரையிலிருந்துதான் தொடங்கியது.

மாற்றத்துக்கு அறிகுறி இல்லாமல் இல்லை. பூங்காவின் மாரினாவி குடா 2023இல் பொதுமக்கள் நீந்துவதற்காகத் திறக்கப்பட்டது. நகர மையத்தின் தொழில் துறையாக இருந்த நீரில் குழந்தைகள் இறங்கியது பெரிய செய்தி. நீந்தக்கூடிய நீரிலிருந்து உண்ணக்கூடிய மீனுக்குப் போகும் வழி நீண்டது. ஆயினும் அதுவே இந்தப் பூங்காவின் அடுத்த இலக்காக இருக்க வேண்டும் என்பேன்.

ஆக்லாந்தின் எரிமலைகள்

முடிவெடுக்கும் உரிமை தொல்குடியினர் கைக்கு வந்தால் பூங்கா எப்படி மாறும் என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்து காட்டுகிறது. அந்நகரின் எரிமலைக் குன்றுகள் மாவோரி மக்களின் முன்னோர் மலைகள். அவர்கள் செதுக்கிய படித்தளங்களும் கிழங்குச் சேமிப்புக் குழிகளும் இன்றும் சரிவுகளில் தெரிகின்றன. 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 14 குன்றுகளின் உடைமையை 13 மாவோரிக் குலக் குழுக்களின் கூட்டமைப்புக்குத் திருப்பிக் கொடுத்தது. நிலம் அவர்களுக்கும் ஆக்லாந்தின் மற்ற மக்களுக்கும் பொதுவான நன்மைக்காகவே இருக்கும் என்பது அதன் நிபந்தனை. நிர்வாகத்துக்கு மாவோரிப் பிரதிநிதிகளும் மாநகராட்சிப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமரும் ஆணையம் ஏற்பட்டது.

உடனே முன்னுரிமைகள் மாறின. பல குன்றுகளின் உச்சிக்கு மோட்டார் வண்டிகள் ஏறுவது நின்றது. காட்சி பார்க்கும் மேடாக இருந்தவை, மரியாதையோடு நடந்து ஏறும் முன்னோர் மலைகளாயின. சிக்கலும் வந்தது. 2019இல் ஒவைராக்கா குன்றில் 345 அயல் மரங்களை வெட்டி உள்ளூர் மரங்களை நட ஆணையம் முடிவு செய்தபோது, அக்கம்பக்கத்தார் மலையில் முகாமிட்டு எதிர்த்தார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. பொதுமக்களைக் கலந்துகொள்ளாத முறை சரியில்லை என்ற அடிப்படையில் 2022இல் தீர்ப்பு ஆணையத்துக்கும் மாநகராட்சிக்கும் எதிராக வந்தது.

இதைக் கூட்டு ஆளுகையின் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. உரிமை உண்மையானதாக இருந்ததால்தான் அங்கே உண்மையான மோதல் வந்தது. தொல்குடியினர் வெறும் ஆலோசகர்களாக இருக்கும் இடத்தில் எதிர்த்து வழக்குப் போட யாருக்கும் தேவை வராது. முடிவெடுப்பவர் யாராக இருந்தாலும் அக்கம்பக்கத்தாரிடம் பேசித் தீர வேண்டும் என்பதை நீதிமன்றம் நினைவூட்டியது. அந்த உழைப்புக்குக் காலமும் பணமும் ஒதுக்குவது வடிவமைப்பின் ஒரு பகுதி.

வரைபடத்துக்கு முன்

இரு நகரங்களையும் சேர்த்துப் பார்த்தால், மரபைத் தாங்கும் பூங்காவின் வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பது தெளிவாகிறது. முதலில் வர வேண்டியது உடைமையும் முடிவெடுக்கும் உரிமையும் பற்றிய பேச்சு. அதன் பிறகே எந்தக் காலத்தின் கரை, எந்த மரம் என்ற கேள்விகளை அந்த மக்களோடு சேர்ந்து கேட்க முடியும். மரம் நடும்போதே அதன் காயையும் பட்டையையும் நாரையும் எடுக்கும் உரிமை யாருக்கு என்பதை விதியாக எழுத வேண்டும். தீயாலோ வேறு முறையாலோ நிலத்தைப் பேணும் வேலைக்குத் தொல்குடியினரையே பொறுப்பாக்கி, ஊதியத்தோடு நிரந்தரமாக அமர்த்த வேண்டும். பூங்காவின் எல்லையைத் தாண்டி, அதைத் தொடும் நீரின் நலத்தையும் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். பெயர் வைப்பது இவற்றுக்குப் பிறகு வந்தால் அந்தப் பெயருக்குக் கனம் இருக்கும்.

சிட்னியிலும் இந்த வரிசை திருந்தத் தொடங்கியிருக்கிறது. பூங்காவுக்கு எதிரே நீருக்குள் இருக்கும் சிறு தீவு மீ-மெல். வரைபடங்களில் ஆட்டுத்தீவு. அது தம் தந்தையின் உடைமை என்று பென்னலாங் கூறியதையும், அவரும் பாரங்கரூவும் அங்கே அடிக்கடி போய்வந்ததையும் டேவிட் காலின்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரு தொல்குடியினர் தம் குடும்பத்துக்கு உரிய இடத்தைச் சுட்டிக்காட்டி உரிமை கோரியதைக் குடியேற்ற அதிகாரியே எழுதிவைத்த அரிய சான்று அது. அந்தத் தீவைத் தொல்குடிச் சமூகத்திடம் ஒப்படைப்பதாக நியூ சவுத் வேல்ஸ் அரசு 2022இல் அறிவித்தது. சீரமைப்புக்குப் பணமும் ஒதுக்கியது.

ஒப்படைப்பு சொன்னபடி நிறைவேறினால், எதிரெதிரே இரண்டு வகை மீட்பு இருக்கும். முனையில் வடிவமைப்பாளர்கள் மீட்ட நிலம், தீவில் மக்களுக்குத் திரும்பிய நிலம். பாரங்கரூ பூங்கா அழகில் எந்தக் குறையும் இல்லாதது. அதன் மண் அறிவியலை எந்த நகரமும் தயங்காமல் பின்பற்றலாம். ஆனால் மரபு என்ற சொல்லை ஒரு பூங்காவுக்குச் சூட்டும் அரசுகள் இனி மீ-மெல்லிலிருந்து தொடங்க வேண்டும். நிலத்துக்கு உரியவர்களிடம் நிலத்தைக் கொடுத்துவிட்டு, அங்கே என்ன பூங்கா வேண்டும் என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.